பேரேடும் பட்டைக் குறியீடும்

வணிகப் பொருளின்மீது அடையாளம் இடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், கடலிலிருந்து கரையேறும் பண்டங்களும் கரையிலிருந்து கலமேறும் பண்டங்களும் சோழனின் புலிப்பொறி பதிக்கப்பெற்று, சுங்கச் சாலையின் முற்றத்தில் குவிந்து கிடந்த காட்சி வருகின்றது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை இன்னும் நுட்பமான செய்தியைத் தருகின்றது. புகாரின் வெள்ளிடை மன்றத்தில் கிடந்த பொதிகளின்மீது உரியவர் பெயரும் பொதிகளின் எண்ணும் கண்ணெழுத்தால் பொறிக்கப்பட்டிருந்தன. அங்கே கதவில்லை, தாழில்லை, காவலனும் இல்லை. கள்வன் எவனேனும் ஒரு பொதியைத் தூக்கினால், அதனைத் தலையில் சுமந்தபடி அவனைச் சுழலவைக்குமே அன்றி, கொண்டுசெல்ல அம்மன்றம் விடாது. பணம் கட்டாத பொருள் வாயிலைக் கடந்தால் ஒலியெழுப்பும் கம்பங்களை இன்றைய பேரங்காடிகளில் கண்டோர், இப்பகுதியைப் படிக்குங்கால் புன்னகை புரிவர்.

கணக்கு முறையில் இரு கூறுகள் உண்டு. ஒன்று பொருளின்மேல் இருக்கும் குறி. மற்றொன்று அப்பொருளைப் பற்றி ஏட்டில் இருக்கும் குறிப்பு. புகாரில் குறி மேலோங்கியிருந்தது. பின்னாளில், குறிப்பாக மலாயாவுக்கு வந்த தமிழ் வணிகரிடையே, குறி மங்கி ஏடு ஓங்கியது. 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறி மீண்டும் வந்தது. இம்முறை அது எழுத்தாக வரவில்லை; கறுப்பும் வெளுப்புமான கோடுகளாக வந்தது. பட்டைக் குறியீடு என்றும் பார்கோடு என்றும் வழங்கப்பெறும் அக்கோடுகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் கடைகளுக்குள் எவ்வாறு நுழைந்தன, நுழைந்தபோது எவற்றை அகற்றின என்பது, பிறர் எழுதும் வணிக வரலாற்றில் இடம்பெறாத செய்தியாகும்.

இந்நிலத்தின் வணிக மொழியில் தமிழின் சுவடு ஆழமானது. மலாய் மொழியில் கடையைக் கெடாய் என்பர். முதலீட்டை மோடல் என்பர். பெட்டி அங்கும் பெட்டியே. கிடங்கு என்னும் சொல்லோடு உறவுடையது குடாங். பொன்னின் மாற்று என்பதே தரத்தைக் குறிக்கும் மூத்து என்னும் சொல்லாயிற்று என்பர் சொல்லாய்வாளர். இவ்வுறவின் பழைமைக்குக் கல்லும் சான்று பகர்கின்றது. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த பொன் உரைகல்லில், அது பெரும்பத்தன் கல் எனத் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் காலம் கி.பி. 3 அல்லது 4 ஆம் நூற்றாண்டு எனக் கணிப்பர். தன் கருவியின்மேல் தன் பெயரை எழுதிவைத்த அப்பொற்கொல்லனுக்கும், எடைக்கருவியின் அடியில் கடைப்பெயரைச் சாயத்தால் எழுதிவைக்கும் கிள்ளான் மளிகைக் கடைக்காரருக்கும் இடையே நெடுந்தொலைவு இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வணிகம் இருப்புப் பாதையோடு வளர்ந்தது. கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவோடு இணைத்த பாதை 1886 இல் திறக்கப்பட்டது. 1901 இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. 1972 இல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. 1881 இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துச் சூறையாடியபின், அத்தாப்புக் கூரைகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கட்டாயமாயின. அச்செங்கற்களைச் சுட்ட காளவாய்களால் பெயர்பெற்ற பகுதியே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் இருப்புப் பாதைப் பணிமனைகளும் குடியிருப்புகளும் அங்கே எழுந்தன. இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் நிறைந்தனர். சரக்கு இரயிலில் வந்த அரிசி மூட்டைக்கு நிலையத்து எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய சரக்குச் சீட்டு ஒரு கணக்கு. அதே மூட்டை கடைக்குள் நுழைந்ததும் தமிழில் எழுதப்பட்டது மற்றொரு கணக்கு.

தமிழ்க் கணக்கின் உச்சத்தை எட்டியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். கோலாலம்பூரில் அவர்தம் தெருவாக விளங்கியது லெபோ அம்பாங். நீண்ட கிட்டங்கிக் கூடத்தில், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு சாய்வுப் பெட்டி. அதன் அடியில் ஒரு பாய். அந்தப் பெட்டியடியே அலுவலகம், வைப்பகம், ஆவணக் காப்பகம் எல்லாம். மேலாள் பொறுப்பாண்மை செய்ய, அடுத்தாள் துணைநிற்க, பெட்டியடிப் பையன் ஏவல் செய்துகொண்டே கணக்குக் கற்றான். நாள்வழிக் குறிப்பில் எழுதப்பட்டவை பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயர்க்கப்படும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை திரட்டப்பட்டுச் செட்டிநாட்டிலுள்ள முதலாளிக்கு அனுப்பப்படும். வரவும் பற்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரட்டைப் பதிவு அது. ஒரு முந்திரி, அதாவது 320 இல் ஒரு பங்கு, தவறினும் தவறு எங்கே என்று இரவெல்லாம் தேடுவர். எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவன், காலையும் அரைக்காலையும் மாகாணியையும் விரலசைவில் பெருக்கினான். தமிழ்ப் பள்ளிகளில் இன்று பின்ன வாய்பாடு அருங்காட்சிப் பொருளாகிவிட்டது. அன்று அது உணவளித்த கல்வி.

ஆயினும் இங்கே ஓர் உண்மையைக் கூறியாக வேண்டும். பழைய பேரேட்டைப் புகழ்வோர், அது எல்லாவற்றையும் எழுதிவைத்தது என்று கருதுகின்றனர். அவ்வாறன்று. பேரேடு பணத்தை எழுதியது, ஆளை எழுதியது, கடனை எழுதியது. பொருளை அது அவ்வளவாக எழுதவில்லை. வட்டித் தொழிலுக்கு அது தேவைப்படவும் இல்லை. மளிகைக் கடையிலோ, கொள்முதல் ஏட்டில் இத்தனை மூட்டை மிளகாய் வந்தது என்று இருக்கும். அதில் எத்தனை காட்டி விற்றது, எத்தனை மிஞ்சியது, எத்தனை பூஞ்சை பிடித்தது என்று இராது. அந்தக் கணக்கு முதலாளியின் கண்ணில் இருந்தது. கடையைத் திறந்ததும் அவர் அடுக்குகளை ஒருமுறை சுற்றி வருவார். எது குறைந்தது என்பது அவருக்குத் தெரியும். அவர் நோயுற்றால் கணக்கும் நோயுறும். அவர் மறைந்தபின், இருப்பு எவ்வளவு என்று மக்கள் ஒருவரையொருவர் ஐயுற்ற கதைகள் பல குடும்பங்களில் உண்டு.

தோட்டப்புறங்களிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் பேரேட்டின் சிறிய உடன்பிறப்பு ஒன்று உலவியது. மேலட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப் பையில் அடங்கும் அந்தக் குறிப்புப் புத்தகத்தை மூவினத்தாரும் அறிவர். மலாயில் அதனைப் புக்கு தீகா லீமா, அதாவது மூன்று ஐந்துப் புத்தகம், என்பர். மாதச் சம்பளம் வரும்வரை பால்மாவு, சர்க்கரை, மண்ணெண்ணெய் எனப் பற்று எழுதப்படும். ஒரு குடும்பத்தின் ஒரு மாத வாழ்வு அதில் இருந்தது: குழந்தை பிறந்த மாதம் பால்மாவு மிகும், திருவிழா மாதத்தில் மாவும் எண்ணெயும் மிகும், வேலை இல்லாத மாதத்தில் அரிசியும் உப்பும் மட்டும் நிற்கும். கடைக்காரர் அதனைப் படித்து, யாரிடம் கண்டிப்பாகப் பேசுவது, யாரிடம் பேசாமல் இருப்பது என்று முடிவு செய்வார்.

இவ்வேடுகளுக்குச் சட்டத்திலும் இடம் இருந்தது. வணிகத்தின் வழக்கமான போக்கில் முறையாக எழுதப்பட்ட கணக்கேட்டின் பதிவுகள் வழக்கில் தொடர்புடைய சான்றாகும் என்பது 1950 ஆம் ஆண்டு சான்றுச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு. ஆனால் அப்பதிவு ஒன்றை மட்டுமே கொண்டு ஒருவரைக் கடனாளி ஆக்கிவிட முடியாது என்றும் அப்பிரிவு சொல்கிறது. எழுதியவன் தன் நலத்துக்காகவும் எழுதியிருக்கக்கூடும் அல்லவா? இந்தியாவின் 1872 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த அவ்விதி, ஏட்டை மதிக்கவும் செய்தது, ஐயுறவும் செய்தது.

பட்டைக் குறியீட்டுக்கு முன்னரே கடைக் கணக்கை உலுக்கிய மாற்றம் ஒன்று உண்டு. 16 தாயில் ஒரு காட்டி, 100 காட்டி ஒரு பிக்குல் என்றிருந்த அளவை முறைக்கு, 1972 ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் முடிவு கட்டத் தொடங்கியது. கிராமும் கிலோகிராமும் வந்தன. ஒரு காட்டி ஏறத்தாழ 605 கிராம். அரைக் காட்டி பருப்பு கேட்ட பாட்டிக்கு 300 கிராம் நிறுத்துக் கொடுத்து, இரண்டரைக் கிராம் குறைகிறதே என்ற வழக்கையும் கடைக்காரர் தீர்க்க வேண்டியிருந்தது. பழைய எண்சுவடி அன்றே பாதி பயனிழந்தது எனலாம். பொதியாகவும் குவியலாகவும் இருந்த பொருள்கள் 100 கிராம், 250 கிராம், ஒரு கிலோ என அளவான நெகிழிப் பைகளுக்குள் புகுந்தது இதன் தொடர்ச்சியே. பை ஒரே அளவாயினால்தான் பைக்கு ஓர் எண் கொடுக்க இயலும் என்பதை நோக்க வேண்டும்.

அவ்வெண்ணின் பிறப்பு அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1948 இல் பிலடெல்பியாவின் டிரெக்சல் கல்விக்கூடத்துக்கு வந்த உணவுக்கடை நிறுவனத் தலைவர் ஒருவர், பணம் கட்டும் இடத்தில் பொருளின் விவரத்தைத் தானாகவே பதிந்துகொள்ளும் முறை வேண்டுமென அங்கிருந்த முதல்வரிடம் கேட்டதை, பெர்னார்டு சில்வர் என்னும் மாணவர் தற்செயலாகக் கேட்டார். அவர் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் கூறினார். உட்லண்டு மயாமிக் கடற்கரையில் அமர்ந்து, தாம் இளமையில் கற்ற மோர்சு தந்திக் குறிகளின் புள்ளிகளையும் கோடுகளையும் மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாயிற்று; கோடு தடித்த கோடாயிற்று. இருவரும் 1949 இல் விண்ணப்பித்த காப்புரிமை 1952 அக்டோபர் 7 ஆம் நாள் கிடைத்தது. மணலில் எழுதி எழுத்தறிந்த தமிழ்த் திண்ணைப் பள்ளியின் வழித்தோன்றல்கள் இந்நிகழ்ச்சியை வியப்பின்றி ஏற்பர்.

கண்டுபிடிப்பு முன்னே வந்தது. அதனைப் படிக்கும் ஒளிக்கருவியும் கணினியும் பின்னே வந்தன. இருபது ஆண்டுகள் காத்திருந்தபின், ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வகுத்த நேர்கோட்டு வடிவத்தை அமெரிக்க மளிகைத் துறை 1973 ஏப்ரல் 3 ஆம் நாள் ஏற்றது. 1974 சூன் 26 ஆம் நாள் காலையில், ஒகையோ மாநிலத்தின் டிராய் நகரிலுள்ள மார்ஷ் பேரங்காடியில் முதற்பொருள் ஒளிக்கருவியின்மேல் நகர்ந்தது. அது மெல்லும் கோந்துப் பொதி. விலை 67 சென்ட். 1977 இல் ஐரோப்பிய நாடுகள் பிரசல்சைத் தலைமையிடமாகக் கொண்டு 13 இலக்க முறையை வகுத்தன. உலகின் பிற பகுதிகள் பெரும்பாலும் அதனையே ஏற்றன. மலேசியாவுக்குக் கிடைத்த தொடக்க எண் 955, இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479, சிங்கப்பூருக்கு 888. மலேசியாவில் எண் வழங்கும் பணி மலேசிய உற்பத்தியாளர் சம்மேளனத்தின் கீழ் நடைபெறுகின்றது. 555 புத்தகத்தில் கடன் எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் 955 என்று தொடங்கும் பொருளை வாங்குகின்றனர்.

தொடக்க எண்ணைப் பற்றி மக்களிடையே ஒரு பிழையான கருத்து உலவுகின்றது. 890 என்றிருந்தால் இந்தியாவில் செய்த பொருள் என்றும் 955 என்றிருந்தால் உள்நாட்டுப் பொருள் என்றும் கருதுகின்றனர். அவ்வெண், குறியீட்டை வழங்கிய அமைப்பு எந்நாட்டினது என்பதை மட்டுமே காட்டும். தமிழ்நாட்டு மிளகாயைக் கிள்ளானில் பொடியாக்கிப் பைகளில் அடைக்கும் நிறுவனம், மலேசிய அமைப்பிடம் எண் பெற்றால் 955 என்றே அச்சிடும்.

பதின்மூன்றாம் இலக்கம் தமிழ்க் கணக்கப்பிள்ளையை மகிழ்விக்கக்கூடியது. அது பொருளைக் குறிப்பதன்று. முன்னுள்ள பன்னிரண்டும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று காவல் செய்வது. எடுத்துக்காட்டாக 955123456789 என்னும் பன்னிரண்டு இலக்கங்களைக் கொள்க. இடப்பக்கமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 30. அதனை மூன்றால் பெருக்கினால் 90. இரண்டும் சேர்ந்து 124. அடுத்த முழுப் பத்தான 130 ஐ எட்ட 6 தேவை. ஆகவே காவல் இலக்கம் 6. ஓர் இலக்கம் மாறிப் படிக்கப்பட்டாலும் கூட்டு ஒவ்வாது; கருவி ஒலியெழுப்பாமல் நிற்கும். ஐந்தொகையின் இரு பக்கமும் ஒத்தாலன்றி எழுதுகோலைக் கீழே வைக்காத அடுத்தாளின் பழக்கம், இங்கே ஒரு நொடிக்குள் நடைபெறுகின்றது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறு கடைகள் இக்கோடுகளை நெடுநாள் பொருட்படுத்தவில்லை. பைகளின்மேல் அவை அச்சாகி வந்தன. அவற்றைப் படிக்கும் கருவி கடையில் இல்லை. 1994 இல் பிரான்சு நாட்டின் கார்ஃபூர், சுபாங் ஜெயாவில் முதற்பெரும் அங்காடியைத் திறந்தது. 2002 இல் பிரிட்டனின் டெஸ்கோ பூச்சோங்கில் வந்தது. பின்னர் அவ்விரு பெயர்களும் இந்நாட்டை விட்டு நீங்கின என்பது வேறு செய்தி. ஆனால் அவை வந்தபோது கொண்டுவந்த முறை தங்கிவிட்டது. எந்தப் பொருள் எந்த நாளில் எத்தனை விற்றது என்றறிந்து கொள்முதல் செய்பவரோடு, அடுக்கைக் கண்ணால் பார்த்துக் கொள்முதல் செய்பவர் போட்டியிட வேண்டியிருந்தது.

உண்மையான திருப்பம் போட்டியால் நேரவில்லை, வரியால் நேர்ந்தது. 2015 ஏப்ரல் 1 ஆம் நாள் முதல் 6 விழுக்காடு பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வரவு 5 இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய ஒவ்வொரு கடையும் சுங்கத் துறையில் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. பிரிக்பீல்ட்சின் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலும் அவ்வெல்லையைத் தாண்டுவது ஒரு நல்ல மளிகைக் கடைக்கோ சேலைக் கடைக்கோ அரிதன்று. வரி ஒரே சீராக இருந்திருந்தால் கணக்கப்பிள்ளை சமாளித்திருப்பார். அரிசிக்கும் உப்புக்கும் சர்க்கரைக்கும் சுழிய விழுக்காடு. சவர்க்காரத்துக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் 6 விழுக்காடு. ஒரே கூடையில், ஒரே சீட்டில், இரு வகைப் பொருள்கள். மாலை நேரக் கூட்டத்தில் இவற்றைக் கையால் பிரித்து எழுத எவராலும் இயலாது. பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும், அந்த எண்ணுக்கு எதிரே அதன் வரி வகையும் கணினியில் இருந்தாக வேண்டும். சிறு தொழில்கள் மென்பொருள் வாங்க 1,000 ரிங்கிட் மதிப்புள்ள உதவிச் சீட்டையும் அரசு வழங்கியது.

அச்சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. பதிவேடுகளைத் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும். 7 ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும். தமிழில் எழுதுவதை அது தடை செய்யவில்லை. தமிழில் மட்டும் எழுதிய ஏட்டை வரிக்குரிய ஏடாக ஏற்கவில்லை. ஒரே கணக்கை இரு மொழியில் இருமுறை எழுத எந்த வணிகருக்கும் பொழுதில்லை. இவ்விதி பற்றித் தமிழ் அமைப்புகள் பேசியதைக் காட்டிலும், கடைப் பலகையில் தமிழ் எழுத்தின் அளவு பற்றிப் பேசியது மிகுதி. பலகை வெளியே தெரிவது. பேரேடு பெட்டிக்குள் இருப்பது.

கடையொன்றில் இம்முறையை நிறுவுவது, விற்பவர் கூறுவது போல் கருவியை இணைத்து விசையை அழுத்தும் வேலையன்று. முதலில் பொருட்பட்டியல் வேண்டும். இரு வாயில்களை உடைய மளிகைக் கடையில் சில ஆயிரம் வகைகள் இருக்கும். அச்சிட்ட குறியீடு உடையவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பெயர், கொள்முதல் விலை, விற்பனை விலை, வரி வகை, குறைந்தபட்ச இருப்பு ஆகியவற்றை உள்ளிட வேண்டும். குறியீடு இல்லாதவற்றுக்குக் கடையே எண் வகுத்துக்கொள்ளலாம். அதற்கென 20 முதல் 29 வரையிலான தொடக்க எண்கள் உலக அளவில் ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்வெண்கள் அந்தக் கடைக்குள் மட்டுமே செல்லும். நிறுத்து விற்கும் பொருளாயின், அவ்வெண்ணின் பிற்பகுதியிலேயே எடையோ விலையோ பொதிந்து வரும். அடுத்து, ஓர் இரவு கடையை மூடி, இருப்பதையெல்லாம் எண்ண வேண்டும். அந்த முதல் எண்ணிக்கை பிழையானால் அதன்மேல் எழும் எல்லாம் பிழை. இதனைப் பொறுமையாகச் செய்த கடைகளே முறையைத் தக்கவைத்துக்கொண்டன. அவசரப்பட்ட கடைகளில் கணினி ஒன்று கூற, அடுக்கு வேறொன்று கூறியது.

பிழைகள் நுழையும் வழிகள் பல. 24 புட்டிகள் கொண்ட பெட்டிக்கு ஓர் எண்; புட்டிக்கு வேறோர் எண். பெட்டியாக வாங்கியதைப் புட்டியாக விற்கும்போது, ஒன்று இருபத்து நான்காகும் என்று கணினிக்குச் சொல்லாவிடில், இருப்பு சுழியத்துக்கும் கீழே இறங்கி, இல்லாத பொருளைக் கடை விற்றதாகக் காட்டும். தீபாவளி நெரிசலில், ஒரே விலையுள்ள ஐந்து வகை ஊதுவத்திகளைக் கொண்டுவரும் வாடிக்கையாளருக்கு, ஊழியர் ஒரு வகையை மட்டும் படித்து ஐந்தால் பெருக்கிவிடுவார். பணம் சரியாக இருக்கும். படித்த வகை கணக்கில் நான்கு குறைந்து, படிக்காத நான்கு வகைகளும் ஒவ்வொன்று மிஞ்சும். பழைய பேரேட்டின் கண்ணில் இது பிழையே அன்று. புதிய கணக்கின் கண்ணில் ஐந்து பிழைகள்.

பொருள்களும் ஒத்துழைப்பதில்லை. எண்ணெய் கசியும் பையில் ஒட்டுத்தாள் நில்லாது. பட்டுச் சேலையில் ஒட்டினால் பசை துணியைக் கெடுக்கும். ஆகவே நூலால் அட்டை கட்ட வேண்டும். ஒரு சேலையைப்போல் மற்றொரு சேலை இராமையால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தேவைப்படும். பித்தளை கிலோக் கணக்கில் வந்து, உருப்படிக் கணக்கில் விற்கும். பூவுக்கும் வாழையிலைக்கும் வெற்றிலைக்கும் கோடு ஒட்ட இயலாது; காலையில் வந்தது மாலைக்குள் விற்றாக வேண்டும், இல்லையேல் வாடும். பூக்கடைகள் இன்றும் எந்த மென்பொருளுக்கும் அடங்காமல் முழத்தாலும் வாய்ச்சொல்லாலும் வணிகம் செய்வது இதனாலேயே. மேலும், கோடுகள் பொருளின் பெயரைச் சொல்லுமே அன்றி அதன் காலாவதி நாளைச் சொல்லா. பழைய பை முன்னும் புதிய பை பின்னும் இருக்கின்றனவா என்பதை முதலாளியின் கண்ணே இன்றும் பார்க்க வேண்டும்.

பெயர் இடுவதில் எழுந்த சிக்கல் தமிழாசிரியர் கவனத்துக்கு உரியது. மென்பொருளின் பெயர்க் கட்டம் ரோமன் எழுத்தையே எதிர்பார்த்தது. துவரம் பருப்பை ஓர் ஊழியர் ஒருவகையாகவும், மறுநாள் வந்தவர் வேறுவகையாகவும், கணக்காளர் ஆங்கிலப் பெயராலும் உள்ளிட, ஒரு பருப்பு மூன்று பருப்பாயிற்று. லகர ளகர ழகர வேறுபாடு அவ்வெழுத்தில் இல்லை; புளியும் புலியும் ஒன்றாகும். சீரகத்தையும் பெருஞ்சீரகத்தையும் மலாயில் ஜிந்தான் என்னும் ஒரே சொல்லின் இரு வகைகளாக வழங்குவர். தமிழில் சோம்பு என்று கேட்டவருக்குச் சீரகம் கிடைப்பதுண்டு. தமிழில் உள்ளிட்டிருந்தால் இவற்றுள் பெரும்பாலானவை எழுந்திரா.

தமிழில் உள்ளிட இயலாத காலமும் அதுவன்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 இலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். உலக எழுத்துகளுக்குப் பொதுக் குறியேற்றம் வகுத்த யூனிகோடின் 1991 ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2001 இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. கவிதைக்கும் செய்திக்கும் கடிதத்துக்கும் கணினித் தமிழ் வந்தது. அரிசி, பருப்புக்கு வரவில்லை. சீட்டு அடிக்கும் சிறு அச்சுக்கருவிகளின் உள்ளே தமிழ் எழுத்துரு இல்லை என்பதும், தமிழை ஒரு படமாக்கி அனுப்பியே அச்சிட வேண்டும் என்பதும் ஒரு காரணம். கேட்பவர் இல்லை என்பது பெரிய காரணம். வாங்கும் வணிகர் தமிழ்க் கட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தால், விற்பவர் செய்து கொடுத்திருப்பார். தமிழ் கற்பிப்போர் இலக்கியத் தமிழுக்கு ஆற்றிய தொண்டில் சிறு பகுதியையேனும் கணக்குத் தமிழுக்கு ஆற்றியிருக்கலாம். பேரேடு, ஐந்தொகை, நாள்வழி, இருப்பு என்னும் சொற்கள் வகுப்பறைக்குள் வரவே இல்லை.

2018 சூன் 1 ஆம் நாள் பொருள் சேவை வரி சுழிய விழுக்காடாயிற்று. செப்டம்பர் 1 ஆம் நாள் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டும் வந்தன. வரிக்காகவே கணினி வாங்கியவர்கள் இனி அது எதற்கு என்று எண்ணியது இயல்பு. ஆயினும், மூன்றாண்டுகள் கணினி காட்டிய இருப்புக் கணக்கைக் கண்டு பழகியவர் மீண்டும் கண் கணக்குக்குத் திரும்ப விரும்புவதில்லை. 2024 ஆகஸ்டு 1 ஆம் நாள் முதல் உள்நாட்டு வருமான வரி வாரியம், பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக மின் விலைப்பட்டியலைக் கட்டாயமாக்கி வருகின்றது. இதற்கிடையே குறியும் உருமாறுகின்றது. 1994 இல் சப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய சதுரக் குறி, பணம் செலுத்தும் வழியாகக் கடைமேசையில் ஏற்கெனவே அமர்ந்துவிட்டது. 2027 ஆம் ஆண்டு முடிவுக்குள் கடைக் கருவிகள் சதுரக் குறிகளையும் படிக்க வேண்டும் என்பது உலக அமைப்பின் இலக்கு. அக்குறியில் காலாவதி நாளும் தொகுதி எண்ணும் அடங்கும்.

பழைய ஏடுகள் என்னாயின? கடையைப் புதுப்பிக்கும்போது, கணினி மேசைக்கு இடம் வேண்டிப் பரண்கள் ஒழிக்கப்படுகின்றன. கரையான் அரித்த பேரேடுகள் பழைய தாள் வாங்குபவரின் வண்டியில் கிலோக் கணக்கில் ஏறுகின்றன. பிரிக்பீல்ட்சின் ஓர் இரயில்வே குடும்பம் 1950 களில் மாதந்தோறும் என்ன உண்டது, கிள்ளான் தோட்டமொன்று துண்டாடப்பட்ட ஆண்டில் எத்தனை பேர் கடன் தீர்க்காமல் ஊர் மாறினர் என்பவற்றை அறிய, அரசு ஆவணங்களைவிட அவ்வேடுகளே உதவும். சில குடும்பங்கள் அவற்றைச் சரசுவதி பூசைக்கு மட்டும் வெளியே எடுக்கின்றன. மஞ்சள் தடவிய பேரேட்டின் அருகில் இப்போது ஒளிக்கருவியும் வைக்கப்படுகின்றது. இரண்டுக்கும் சந்தனம் இடப்படுகின்றது.

ஏழாண்டு காக்க வேண்டிய சீட்டுகள் வெப்பத்தாளில் அச்சாகின்றன. ஓரிரு ஆண்டுகளில் அவற்றின் எழுத்து வெளிறிவிடுவதால், வாங்கிய அன்றே படியெடுத்து வைக்கும்படி கணக்காளர் அறிவுறுத்துவார். கறுப்பு மையில் பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கிய பேரேட்டின் முதற்பக்கமோ, விளிம்பு உதிர்ந்த நிலையிலும், படிக்கத் தெரிந்தவர்க்கு இன்றும் தெளிவாகத் தெரிகின்றது.